ஓரகத்திக்கு ஓர் அரை

அந்தக் காலத்தில், அதாவது காலம் என்று ஒன்று பிறந்தே கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்த அந்தக் காலத்தில், எலெக்ட்ரான்கள் பேசும். இப்போதும் பேசுமோ என்னவோ, நமக்குத்தான் காது போதவில்லை. அப்போது நன்றாகவே பேசின. அதிலும் சண்டை என்று வந்துவிட்டால் எட்டு ஊருக்குக் கேட்கும்.

ஊர் என்று சொல்லிவிட்டேன். ஊரே கிடையாது. வீடு கிடையாது, மரம் கிடையாது, ஒரு வாய் குடிக்கத் தண்ணீர் கிடையாது. எங்கே பார்த்தாலும் சூடு. கொல்லன் உலைக்குள் விழுந்தாற்போல ஒரு சூடு. அந்தச் சூட்டில் யாராலும் ஓரிடத்தில் கால் ஊன்ற முடியவில்லை. எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். வெளிச்சம்கூட நாலு எட்டு வைப்பதற்குள் யார் மேலாவது முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அப்படி ஒரு நெரிசல்.

அந்த நெரிசலில் ஓடிக்கொண்டிருந்த எலெக்ட்ரான்களில் ஒருத்தி சிகப்பி. இன்னொருத்தி நாச்சம்மை. எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. ஆகவே இந்தப் பெயர்கள் நான் வைத்தவை. கதை சொல்கிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

இந்த இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. காரணம் கேட்காதீர்கள். எலெக்ட்ரானுக்கு எலெக்ட்ரான் ஆகாது, பிறவிக் குணம். சிகப்பி ஒரு பக்கம் வந்தால் நாச்சம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபக்கம் போவாள். நாச்சம்மை தப்பித் தவறிக் கிட்டே வந்துவிட்டாலோ, சிகப்பி சும்மா விடமாட்டாள்.

"ஏடி, உனக்குப் போறதுக்கு வேற வழியே கிடைக்கலையா?"

"வழி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்பாள் நாச்சம்மை.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஆனால் சூடு மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. இறங்க இறங்க, "இனி நாமும் ஓரிடத்தில் உட்காரலாம் போலிருக்கிறதே" என்று எல்லோருக்கும் ஓர் ஆசை வந்தது. முதன்முதலாக ஒரு வீடு எழும்பியது. அதுதான் ஹீலியம் வீடு.

அந்த வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், பெரிச்சியப்பன், சாத்தப்பன். புரோட்டான் வம்சம். நல்ல கனத்த சரீரம், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்கள். நடுவீட்டில் இருந்தபடியே வெளியே பார்த்து "வா, வா" என்று கூப்பிடுவது ஒன்றுதான் அவர்கள் வேலை. கூடவே, எந்தப் பக்கமும் சேராத நியூட்ரான் பங்காளிகள் இரண்டு பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும்.

பெரிச்சியப்பனுக்குச் சிகப்பி, சாத்தப்பனுக்கு நாச்சம்மை என்று பேசி முடிவாயிற்று. யார் பேசினார்கள், யார் முடித்தார்கள் என்றால் எனக்குத் தெரியாது. தலையெழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கண்டால் ஆகாத அந்த இரண்டு பேரும் ஓரகத்திகள் ஆகிவிட்டார்கள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் ஒருவருக்கொருவர் ஓரகத்தி. ஓர் அகத்தில் சேர்ந்து இருக்க வேண்டியவர்கள் என்று பெயரிலேயே இருக்கிறது. இருப்பதுதான் கஷ்டம்.

"ஒரு உறையில ரெண்டு கத்தியா?" என்று சிகப்பி நொடித்தாள். "நான் முதல்ல போய் உக்காந்துடறேன். அப்புறம் அவ வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

இதற்கிடையில், வீடுகள் எழும்பத் தொடங்கிவிட்டதால் இடம் பிரித்துக் கொடுக்க மணியக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். எண்ணாயிரம் என்று பெயர். பேருக்கு ஏற்ற ஆள், எதற்கெடுத்தாலும் எண்தான். நல்லவர்தான், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்.

"கேட்டுக்குங்க," என்றார் அவர். "எல்லாரும் நடுவீட்டுக்கே முண்டியடிச்சா வீடு வீடா இருக்காது, குப்பைமேடு ஆயிடும். ஆளுக்கு ஒரு முகவரி தருவேன். முகவரிக்கு நாலு எண்ணு. நாலும் ஒண்ணா இருக்கிற ரெண்டு பேர் ஒரே வீட்டில இருக்கக் கூடாது. இருந்தா ரெண்டு பேரும் வெளியே. இதுதான் சட்டம்."

அந்த நாலு எண்களும் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. முதல் எண், வீட்டில் எந்தக் கட்டு என்று சொல்லும். நடுவை ஒட்டியது முதல் கட்டு, அதற்கு வெளியே இரண்டாம் கட்டு, அப்படியே போகும். இரண்டாவது எண் அறையின் வடிவத்தைச் சொல்லும். பந்துபோல உருண்டையான அறையும் உண்டு, உடுக்கைபோல நடுவில் இடுப்பு சிறுத்த அறையும் உண்டு. மூன்றாவது எண், அந்த அறை எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது என்று சொல்லும். நாலாவது எண் ஆளுக்கு உரியது.

ஹீலியம் வீட்டில் முதல் கட்டு மட்டும்தான் முடிந்திருந்தது. இரண்டாம் கட்டுக்கு அப்போது கூரையில்லை. அங்கே போய்ப் படுத்தால் போகிற வருகிற வெளிச்சம் தூக்கிக்கொண்டு போய்விடும். முதல் கட்டிலோ ஒரே ஓர் அறை, உருண்டை அறை. உருண்டைக்கு ஏது மூலை? ஆகவே இரண்டாவது எண் சுழி. உருண்டைக்கு ஏது திசை? ஆகவே மூன்றாவது எண்ணும் சுழி. அந்தக் காலத்து மணியக்காரர்கள் பூஜ்யத்தைச் சுழி என்றுதான் சொல்வார்கள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சிகப்பி சொன்னபடியே முந்திக்கொண்டாள். ஓட்டமாக ஓடி வாசலில் வந்து நின்றாள்.

"ஒன்று, சுழி, சுழி," என்றார் மணியக்காரர். "நாலாவது, ஆள் எண்ணு, ஒன்று. உள்ளே போ தாயி."

நாலாவது எண்ணைக் கையில் வாங்கியபோது சிகப்பிக்குப் பெருமை தாங்கவில்லை. முழுசாக ஒன்று. அவளுக்கென்று இருந்த முதல் உடைமை அது. நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு வாசற்படிக்குள் காலெடுத்து வைத்தாள்.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள் நாச்சம்மை. "எனக்கு என்ன எண்ணுங்க ஐயா?"

"முதல் மூணும் அதேதான். ஒன்று, சுழி, சுழி. நாலாவது..." மணியக்காரர் கையை விரித்தார். "இருந்த ஒண்ணு போயிடுச்சு. இனி உனக்குச் சுழிதான், போ."

அவர் சொன்னதன் பொருள், உனக்கு ஒன்றுமில்லை, போய்விடு என்பது. ஆள் எண்ணே பூஜ்யம் என்றால் ஆளே இல்லை என்றுதானே அர்த்தம்? சிகப்பிக்கு அது உடனே விளங்கிவிட்டது. விளங்க வேண்டியவளுக்குத்தான் விளங்கவில்லை. சுழி என்றால் சுழல் என்றும் அர்த்தம் இருக்கிறதல்லவா? ஆற்றுச் சுழி, தலையில் இருக்கிற சுழி. நாச்சம்மை என்ன நினைத்தாள் என்றால், மணியக்காரர் தன்னைச் சுற்றச் சொல்கிறார், சுற்றினால் உள்ளே விடுவார் என்று நினைத்தாள்.

"சரிங்க ஐயா," என்று சொல்லிவிட்டு, வாசலிலேயே நின்ற இடத்தில் சுழலத் தொடங்கினாள்.

சிகப்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட கிறுக்கி! இங்க வந்து பாருங்களேன் இந்தக் கூத்தை!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். மணியக்காரரும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். நாச்சம்மை யாரையும் கவனிக்காமல் வலப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தாள்.

சிரித்து முடித்து உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் சிகப்பிக்குத் தெரிந்தது, தனிக் குடித்தனம் ஒன்றும் தேன்பாகு இல்லை என்று. நடுவீட்டில் உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். கூப்பிட இருந்தது ஒருத்தி. இந்தப் பக்கம் பெரிச்சியப்பன், "சிகப்பி, இங்கே வா" என்று இழுத்தான். அந்தப் பக்கம் சாத்தப்பன், "அண்ணி, கொஞ்சம் இங்கே வாங்க" என்று இழுத்தான். இருவர் இழுக்கிற இழுப்புக்கு ஒருத்தி ஈடு கொடுக்க முடியுமா? அவளுக்கு மூச்சு விட இடமில்லை. உருண்டை அறையில் அத்தனை இடம் கிடந்தும் நடுவோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள்.

"அண்ணி," என்றான் சாத்தப்பன். "வாசல்ல யாரோ சுத்துற மாதிரி சத்தம் கேக்குது. அவதானா?"

"காத்து," என்றாள் சிகப்பி.

"காத்தா? காத்துன்னா என்ன அண்ணி?"

நியாயமான கேள்விதான். உலகத்தில் அப்போது காற்றே கிடையாது. சிகப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சூடு இன்னும் இறங்கியது. சூடு இறங்க இறங்க வெளி விரிந்துகொண்டே போனது. வெளியே நின்றவர்களுக்கு இடையே தூரம் கூடிக்கொண்டே வந்தது. நேற்றுவரை தோளில் இடித்துக்கொண்டு போனவர்கள் இன்று கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். நாளைக்குக் கூப்பிட்டாலும் கேட்காது. வீடு கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். கிடைக்காதவர்கள் அந்த வெட்டவெளியில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை.

சிகப்பி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். நாச்சம்மை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் வாசலில் இல்லை, வாசலைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தாள். தான் தள்ளிப் போவது அவளுக்கே தெரியவில்லை.

"ஏடி நாச்சம்மை! போதும் நிறுத்து. அவர் உன்னைச் சுத்தச் சொல்லல. இல்லைன்னு சொன்னாரு. உனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னாரு."

நாச்சம்மை நிறுத்தவில்லை. "இல்லக்கா," என்றாள். "சுழின்னுதான் சொன்னாரு. என் காதால கேட்டேன். நான்தான் சரியா சுத்தலை போலிருக்கு. இன்னும் கொஞ்சம் நல்லா சுத்தினா திறப்பாரு."

பிறந்ததிலிருந்து எத்தனையோ பேச்சுப் பேசியிருக்கிறாள் அவள். அக்கா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சிகப்பிக்கு இவளைப் போய்ப் பார்த்துச் சிரித்தோமே என்று இருந்தது. பிடிக்காதுதான், இப்போதும் பிடிக்காதுதான். கிட்டே வந்தால் எரிச்சல்தான் வரும். அதற்காக இப்படியா கண்முன்னே போய்த் தொலைய விடுவது?

அவள் தன்னிடம் இருந்த ஒன்றை எடுத்தாள். ஒருதரம் பார்த்தாள். பிறகு முருங்கைக்காயை முறிக்கிறாற்போல அதை நடுவில் படக்கென்று முறித்தாள். வலித்தது. அந்த எண் அவள் உடம்போடு ஊறிப்போயிருந்தது. உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பாதியை நாச்சம்மையை நோக்கி எறிந்தாள்.

"இந்தா, பிடி! பிடிச்சுக்கிட்டு உள்ளே வந்து சேரு!"

நாச்சம்மை சுற்றிக்கொண்டே அதைப் பிடித்தாள். அந்த அரை எண்ணைப் பிடித்ததும் வீடு அவளைப் பற்றிக்கொண்டு வாசலுக்கு இழுத்து வந்தது.

மணியக்காரர் ஓடி வந்தார். "எண்ணை முறிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தா?"

"நீங்க எனக்குக் கொடுத்த எண்ணு. கொடுத்தப்புறம் அது என்னுதுதானே ஐயா?"

மணியக்காரர் அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "சரி. உன்னுது என்ன? ஒன்று, சுழி, சுழி, அரை. இவளுது? ஒன்று, சுழி, சுழி, அரை. நாலும் ஒண்ணு! சட்டம் என்ன சொல்லுது? ரெண்டு பேரும் வெளியே! அறிவுகெட்டவளே, உள்ளதும் போச்சா இப்ப?"

சிகப்பி இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. பாதியாகப் பிரித்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்குமே என்று அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் முறித்திருப்பாளோ மாட்டாளோ, யார் கண்டது? மணியக்காரர் அவளைப் பிடித்து வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். உள்ளேயிருந்து அண்ணனும் தம்பியும், "ஐயோ, ஐயோ" என்று அலறினார்கள். எழுந்து வரத்தான் அவர்களால் முடியாதே.

வாசலில் இருவரும் நின்றார்கள். நின்றார்கள் என்று சொல்வது தப்பு. சிகப்பி நின்றாள். நாச்சம்மை அரையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னமும் வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இன்னுமாடி சுத்தறே?" என்று கேட்கப் போன சிகப்பி பாதியில் நிறுத்தினாள். அவளுக்குப் பொறி தட்டியது.

"ஐயா, கதவைச் சாத்தாதீங்க. ஒரு கேள்வி. இவளுக்கு நீங்க சுழின்னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். பூஜ்யம்னு சொன்னேன்."

"பூஜ்யம்னு சொல்லல. சுழின்னு சொன்னீங்க. வாசல்ல நின்னவங்க எல்லாரும் கேட்டாங்க. மணியக்காரர் வாயால சொன்னா அது சட்டமா, இல்ல காத்தா?"

காற்று என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் மானம் போகிற விஷயம் என்று புரிந்தது. "சட்டம்தான்," என்றார் முறைப்பாக.

"அப்ப இவ சுழி இவளுக்குச் சொந்தம். நல்லாப் பாருங்க, வலஞ்சுழி. இப்ப என்னைப் பாருங்க." சிகப்பி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடப்பக்கமாகச் சுழலத் தொடங்கினாள். "நான் இடஞ்சுழி. அவ வலஞ்சுழி அரை, நான் இடஞ்சுழி அரை. இது ரெண்டும் ஒண்ணா ஐயா?"

மணியக்காரர் பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார், எட்டப் போய்ப் பார்த்தார். கடைசியில் தலைகீழாகவும் நின்று பார்த்தார். தலைகீழாக நின்றபோது வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தெரிந்தது. ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒருத்தி சுற்றுகிற பக்கம் இன்னொருத்தி சுற்றவில்லை. இரண்டும் வேறு வேறுதான்.

"வேறதான்," என்று முனகினார். "ஆனா இப்படியே விட்டா நாளைக்கு மூணாவதா ஒருத்தி வந்து நிப்பாளே?"

சுற்றிக்கொண்டே இருந்த நாச்சம்மை கேட்டாள்: "சுத்தறதுக்கு மூணாவதா ஒரு பக்கம் இருக்குதுங்களா ஐயா?"

மணியக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

இருவரும் உள்ளே வந்த கணமே வீடு அடங்கியது. பெரிச்சியப்பனின் இழுப்புக்கு ஓர் ஆள், சாத்தப்பனின் இழுப்புக்கு ஓர் ஆள். சிகப்பிக்கு முதன்முறையாக நன்றாக மூச்சு விட முடிந்தது. சாத்தப்பன் ஒன்றும் கேட்கவில்லை, "அண்ணி" என்று மட்டும் சொன்னான்.

அதற்காக ஓரகத்திகள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்சினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தி அறையின் இந்தக் கோடியில் என்றால் இன்னொருத்தி அந்தக் கோடியில். இன்றுவரை அப்படித்தான். ஆனால் ஒருத்தி வலமாகச் சுற்றினால் இன்னொருத்தி இடமாகச் சுற்றுவாள், அந்த ஒப்பந்தத்தை மட்டும் மீறியதே இல்லை. வீட்டுக்குள் குறையில்லாததால் அந்த வீட்டார் அக்கம்பக்கத்தில் போய் ஒரு துரும்பு கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. ஹீலியம் இன்றும் யாரோடும் ஒட்டாமல் தன் பாட்டுக்கு மிதந்துகொண்டிருப்பது அதனால்தான்.

பின்னால் பெரிய பெரிய வீடுகள் வந்தன. இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, மூன்று திசை பார்த்துக் கிடக்கும் உடுக்கை அறைகள் என்று ஏகப்பட்டவை. அங்கெல்லாம் பக்கத்திலேயே அதே மாதிரி அறை காலியாக இருந்தால் எலெக்ட்ரான்கள் ஆளுக்கொரு அறையாகத்தான் போய் உட்காரும். வேறு வழியில்லை என்று வரும்போதுதான் இன்னொருத்தி இருக்கிற அறைக்குள் நுழையும். நுழைகிறவள் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டேதான் நுழைவாள். பிறவிக் குணம் எங்கே போகும்?

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஹைட்ரஜன் வீடு எழும்பியபோது நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அது சின்ன வீடு. நடுவில் ஒரே ஒரு புரோட்டான், அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. மணியக்காரர் அதைப் பார்த்துவிட்டு நேரே ஹீலியம் வீட்டு வாசலுக்கு வந்தார். அன்றைக்கு அலறல் கேட்டும் கதவைச் சாத்தப் போனது அவர் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

"சிகப்பி, புதுசா ஒரு வீடு. ஓரகத்தி கிடையாது, கொழுந்தன் கிடையாது, பிக்கல் பிடுங்கல் கிடையாது. நீ வந்தா உனக்கு ஆள் எண்ணு முழுசா ஒண்ணு தர்றேன். அன்னிக்கு நீ முறிச்சதுக்கு ஈடா இருக்கட்டும்."

முழுசாக ஒன்று. சிகப்பிக்கு அந்தப் பழைய பெருமை நினைவுக்கு வந்தது. அறையின் மறுகோடியைப் பார்த்தாள். நாச்சம்மை இந்தப் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவள் சுற்று தடுமாறியது.

"நான் வந்துட்டா இவ யாருக்கு எதிரா சுத்துவா ஐயா?" என்றாள் சிகப்பி. "வேண்டாம். வேற யாராவது போகட்டும். ஆனா ஒண்ணு. அங்க போறவளுக்கும் அரையே கொடுங்க."

"ஏன்? அங்கே அவ ஒருத்திதானே? அவகிட்ட பங்கு கேக்க யாரு இருக்கா?"

"இப்ப இல்ல. நாளைக்கு ஒருத்தி வாசல்ல வந்து நிப்பா. அப்ப அவளும் என்னை மாதிரி முறிக்க வேண்டி வரும். முறிக்கிறப்ப ரொம்ப வலிக்குது ஐயா. முதல்லயே பாதியா கொடுத்துட்டா யாரும் எதையும் முறிக்க வேண்டியதில்ல."

எண்ணாயிரம் வாழ்நாளில் முதன்முறையாக, அடுத்தவர் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்டு போனார்.

அன்று வாங்கியதுதான். கூட்டத்தில் இருந்தாலும் சரி, ஹைட்ரஜன் வீட்டில் தன்னந்தனியாக இருந்தாலும் சரி, எந்த எலெக்ட்ரானைக் கேட்டாலும் தன் நாலாவது எண் அரை என்றுதான் சொல்லும். மற்ற அரை இன்னும் வந்து சேராதவளுக்கு.